4 ஸ்டேஜா, 27 ஸ்டேஜா? ஒரு எக்ஸ்ட்ராக்‌ஷன் கேஸும் முக்கோணப் படமும்

கேஸ் இதான். மணிக்கு 1000 கிலோ ஃபீட் வருது, அதுல 350 கிலோ அசிட்டிக் ஆசிட், மிச்சம் 650 கிலோவும் தண்ணி. ஆசிட்ட வெளிய எடுக்கணும், கடைசில போற தண்ணி லேயர்ல 3% தான் ஆசிட் மிச்சம் இருக்கலாம். கைல இருக்குற சால்வன்ட் (ஆசிட்ட கரைச்சு இழுத்துக்கற திரவம்) ஐசோபுரோப்பைல் ஈதர், மணிக்கு 2400 கிலோ. வெப்பநிலை 20 டிகிரி. எத்தன ஸ்டேஜ் (ரெண்டையும் கலக்கி, சமநிலைக்கு வர விட்டு, லேயர் பிரிக்கிற ஒரு படி) வேணும், எக்ஸ்ட்ராக்ட் (ஆசிட்ட வாங்கிக்கிட்டு வெளிய வர்ற ஈதர் லேயர்) எப்படி இருக்கும்?

நேரா டிஸ்டில் பண்ணிட்டா என்னன்னு முதல்ல கேக்கத் தோணும். தண்ணி 100 டிகிரில கொதிக்குது, ஆசிட் 118ல, அசியோட்ரோப்பும் (கலவை மாறாம ஒண்ணாவே சேந்து கொதிக்கிற கலவை) கிடையாது. ஆனா தண்ணி அதிகமா இருக்குற பக்கம் ஆவியோட கலவையும் திரவத்தோட கலவையும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வருது, அதனால தட்டு மேல தட்டா அடுக்கி ரிஃப்ளக்ஸையும் (மேல வந்த ஆவிய குளிர வெச்சு உள்ளயே திருப்பி விடறது) ஏத்திக்கிட்டே போகணும், அதுவும் கொதிக்க வைக்கறது எத, நமக்கு வேண்டாத அந்த 650 கிலோ தண்ணியத்தான், கிலோவுக்கு 2257 கிலோஜூல் கொடுத்து. ஈதருக்கு ஆவியாகுற வெப்பம் அதுல ஏழெட்டுல ஒரு பங்குதான். இதனாலதான் இந்த மாதிரி ஃபீடுக்கு எக்ஸ்ட்ராக்‌ஷன் பக்கம், அதாவது தண்ணியோட சரியா கலக்காத ஒரு சால்வன்ட வெச்சு ஆசிட்ட இழுத்துக்கற வழிக்கு, போறது.

சரி, எக்ஸ்ட்ராக்‌ஷன்னு முடிவாச்சு. பெரும்பாலானவங்க அடுத்து பண்றது என்னன்னா, தண்ணியும் ஈதரும் ஒண்ணுக்கொண்ணு கரையவே கரையாதுன்னு வெச்சுக்கிட்டு, ஒரு பகிர்வு விகிதத்த (ஈதர் லேயர்ல உள்ள ஆசிட்ட தண்ணி லேயர்ல உள்ள ஆசிட்டால வகுத்தா வர்றது) எடுத்து, கிரெம்சர் சமன்பாட்டுல போட்டு ஸ்டேஜ் எண்ணிக்கைய இறக்கிடறது. ரெண்டு நிமிஷ வேலை. இந்தக் கேஸுக்கு அத நான் போட்டுப் பாத்தேன். ஆசிட் கம்மியா இருக்குற பக்கத்து விகிதத்த எடுத்தா (ஆசிட் இல்லாத அடிப்படைல, அதாவது ஆசிட்ட விட்டு மிச்ச எடைக்குக் கணக்கு போட்டு, சுமார் 0.26) 27 ஸ்டேஜ் வருது. ஃபீட் பக்கத்து விகிதத்த எடுத்தா (சுமார் 0.48) 4 ஸ்டேஜுக்குள்ள முடிஞ்சிருது. நடுவுல 0.375னு எடுத்தா 5 சொச்சம். ஒரே ஃபீட், ஒரே சால்வன்ட், ஒரே டார்கெட், சமநிலை அட்டவணைல எந்த வரிசைல விரல் வெச்சீங்கங்கறதப் பொறுத்து பதில் 4ல இருந்து 27 வரைக்கும் ஓடுது. இத டிசைன்னு சொல்லிக்க முடியாது.

இதுக்குக் காரணம் சமநிலை எண்களப் பாத்தாலே தெரிஞ்சிரும். 20 டிகிரில இந்த மூணு பொருளுக்கும் பாடப்புத்தகங்கள்ல வர்ற டேட்டாவுல இருந்து சில வரிசைகள், எல்லாமே எடை சதவீதம்:

தண்ணி லேயர்ல ஆசிட் 0.69, ஈதர் 1.2 | ஈதர் லேயர்ல ஆசிட் 0.18, தண்ணி 0.5
தண்ணி லேயர்ல ஆசிட் 2.89, ஈதர் 1.6 | ஈதர் லேயர்ல ஆசிட் 0.79, தண்ணி 0.8
தண்ணி லேயர்ல ஆசிட் 6.42, ஈதர் 1.9 | ஈதர் லேயர்ல ஆசிட் 1.93, தண்ணி 1.0
தண்ணி லேயர்ல ஆசிட் 13.3, ஈதர் 2.3 | ஈதர் லேயர்ல ஆசிட் 4.82, தண்ணி 1.9
தண்ணி லேயர்ல ஆசிட் 25.5, ஈதர் 3.4 | ஈதர் லேயர்ல ஆசிட் 11.4, தண்ணி 3.9
தண்ணி லேயர்ல ஆசிட் 36.7, ஈதர் 4.4 | ஈதர் லேயர்ல ஆசிட் 21.6, தண்ணி 6.9
தண்ணி லேயர்ல ஆசிட் 46.4, ஈதர் 16.5 | ஈதர் லேயர்ல ஆசிட் 36.2, தண்ணி 15.1

ஆசிட் ஏற ஏற ரெண்டு லேயரும் ஒண்ணோட ஒண்ணு சாயல் வாங்கிக்குது. முதல் வரிசைல ஈதர் லேயர்ல தண்ணி அரை சதவீதம், கடைசி வரிசைல 15. ஆசிட்டோட விகிதம் 0.26ல ஆரம்பிச்சு 0.78 வரைக்கும் ஏறுது, ஏறுறது நல்லதுதானேன்னு தோணும், ஆனா தண்ணியும் கூடவே ஏறுது, அதவிட வேகமா ஏறுது. ஆசிட்ட எடுத்துக்கிட்டு தண்ணிய விடுற திறமை, அதாவது செலக்டிவிட்டி, முதல் வரிசைல சுமார் 51, 25.5% வரிசைல 8, கடைசி வரிசைல 2 கூட இல்ல. பிளேட் பாயிண்ட் வந்தா 1, அங்க ரெண்டு லேயரும் ஒரே கலவை, பிரிக்க எதுவும் இல்ல. இவ்வளவு மாறுற விஷயத்த ஒரே எண்ணா சுருக்கினா பதில் எப்படி நிலையா வரும்?

இப்ப படம். சமபக்க முக்கோணத் தாள் இல்லன்னு யாரும் கவலப்பட வேணாம், சாதாரண கிராஃப் தாளே போதும். செங்கோண முக்கோணமா போடுங்க: படுக்கை அச்சுல ஈதரோட பின்னம், நிக்கிற அச்சுல ஆசிட்டோட பின்னம். மூலைல சைபர்-சைபர் இருக்குற இடம் சுத்தமான தண்ணி, வலது கோடி சுத்தமான ஈதர், மேல உச்சி சுத்தமான ஆசிட். தண்ணியோட அளவு தனியா போட வேண்டியதில்ல, 1ல இருந்து மத்த ரெண்டையும் கழிச்சா வந்துரும். லீவர் ரூல் (கலவைப் புள்ளில இருந்து ரெண்டு முனைக்கும் உள்ள தூரத்த வெச்சு ரெண்டோட எடையையும் கண்டுபிடிக்கிற விதி) இதுலயும் அப்படியே வேலை செய்யும். எனக்கு இதுதான் வசதி, ஏன்னா சமபக்க முக்கோணத்துல எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் படிக்கறதுன்னு பாதி பேருக்குக் கடைசி வரைக்கும் குழப்பம் தீராது, ஸ்ப்ரெட்ஷீட்டுல போடறதுன்னா இன்னும் தலைவலி.

தண்ணி லேயர் புள்ளிங்க எல்லாம் இடது பக்கமா, நிக்கிற அச்ச ஒட்டினாப்ல வரும், ஈதர் லேயர் புள்ளிங்க வலது கோடில இருந்து மேல ஏறி வரும், சேத்தா ஒரு குவிமாடம், அதான் பைனோடல் கர்வ். உள்ள விழுந்தா ரெண்டு லேயர், வெளிய விழுந்தா ஒரே லேயர். ஒவ்வொரு வரிசையோட ரெண்டு புள்ளியையும் இணைக்கிற கோடு டை லைன். இந்த சிஸ்டத்துல டை லைன் எல்லாம் வலது பக்கம் சரிஞ்சு இறங்கும், அதாவது எந்த இடத்துலயும் தண்ணி லேயர்லதான் ஆசிட் அதிகம், ஆசிட்டுக்குத் தண்ணியத்தான் புடிச்சிருக்கு. சால்வன்ட் ஏன் இவ்வளவு வேணும்ங்கறதுக்கு அந்தச் சரிவே பதில்.

ஃபீட் புள்ளி நிக்கிற அச்சுல 0.35ல இருக்கு. அங்க இருந்து ஈதர் மூலைக்கு ஒரு கோடு போடுங்க, ஈதர் ஊத்த ஊத்த கலவைப் புள்ளி இந்தக் கோட்டுலதான் நகரும். முதல் 45 கிலோ வரைக்கும் ஊத்துனாலும் லேயரே பிரியாது, எல்லாம் தண்ணிக்குள்ளயே கரைஞ்சிரும், கோடு இன்னும் குவிமாடத்துக்கு வெளியதான் இருக்கு. மறு கோடில பாத்தா, ஈதர் 99% பக்கம் போற வரைக்கும் கோடு உள்ளயேதான் இருக்கு, அதாவது 1 டன் ஃபீட முழுசா ஈதர்ல கரைக்கணும்னா 90 டன் மாதிரி ஈதர் வேணும். நடுவுல எங்க வேணாலும் ரெண்டு லேயர் கிடைக்கும்.

2400 கிலோவையும் ஒரே தடவைல ஊத்திக் கலக்குனா என்ன ஆகும்? மொத்தம் 3400 கிலோ, அதுல ஆசிட் 10.3%, ஈதர் 70.6%. அந்தப் புள்ளி வழியா போற டை லைன கண்டுபிடிச்சா தண்ணி லேயர்ல ஆசிட் 19%, ஈதர் லேயர்ல 7.8%. 350 கிலோவுல சுமார் 208 வந்துச்சு, 59%. அதே 2400ஐ மூணு தடவையா 800, 800, 800னு புது ஈதரா ஊத்தினா, அதாவது கிராஸ் கரன்ட், தண்ணி லேயர் 26.8, 20.6, 15.5னு இறங்குது, ஆசிட் 69% வருது. 3% இன்னும் கண்ணுக்கெட்டுன தூரத்துல இல்ல.

அதனால கவுன்டர் கரன்ட், அதாவது தண்ணியும் ஈதரும் எதிரெதிர் திசைல ஓடறது. இங்கதான் முக்கோணம் சம்பாதிச்சுக் குடுக்குது. 1934ல ஹன்ட்டர், நாஷ் ரெண்டு பேரும் போட்ட வழி இது, இன்னிக்கும் இதவிட நேரான வழி கைக்கணக்குல கிடையாது. கடைசி ராஃபினேட் (ஆசிட் போக மிஞ்சுற தண்ணி லேயர்) புள்ளி தெரியும்: ஆசிட் 3%, பைனோடல் மேல இருக்கணும்ங்கறதால ஈதர் 1.6%. ஒட்டுமொத்தக் கலவைப் புள்ளியும் தெரியும், மேல சொன்ன அதே 10.3, 70.6. ரெண்டையும் இணைச்சு கோட்ட நீட்டினா எதிர்ப்பக்கம் பைனோடல எங்க தொடுதோ அதுதான் கடைசியா வெளிய வர்ற எக்ஸ்ட்ராக்ட்: ஆசிட் 11.7, தண்ணி 4.0, மிச்சம் ஈதர். லீவர் ரூல்ல எக்ஸ்ட்ராக்ட் 2836 கிலோ, ராஃபினேட் 564 கிலோ. ஆசிட் 333 கிலோ எக்ஸ்ட்ராக்டுக்குப் போச்சு, 95%. ஸ்டேஜ் எண்ணறதுக்கு முன்னாடியே இவ்வளவும் கைக்கு வந்துருச்சு பாருங்க.

அடுத்து டெல்டா புள்ளி. எந்த ரெண்டு ஸ்டேஜுக்கு நடுவுல வெட்டிப் பாத்தாலும், வலது பக்கமா போற ராஃபினேட்ல இருந்து இடது பக்கமா வர்ற எக்ஸ்ட்ராக்ட கழிச்சா ஒரே விடைதான் வரும், சேர்றதும் இல்ல காணாப்போறதும் இல்ல. அந்தக் கழிச்ச விடையையே ஒரு கற்பனைப் புள்ளியா படத்துல குறிக்கலாம். ஃபீட் – எக்ஸ்ட்ராக்ட் கோட்டையும், ராஃபினேட் – சால்வன்ட் கோட்டையும் நீட்டினா ரெண்டும் வெட்டுற இடம் அது. நம்ம கேஸ்ல அது முக்கோணத்துக்கு வெளிய, ஈதர் மூலைக்கும் வலது பக்கம் விழுது: ஈதர் 1.30, ஆசிட் சைபருக்குக் கொஞ்சம் கீழ, மைனஸ் 0.009. ஈதர் எப்படிங்க 130% இருக்கும்னு கேக்கக்கூடாது, அது கலவை இல்ல, கழித்தல் கணக்கு. கிராஃப் தாள்ல வலது பக்கம் இடம் விட்டு முக்கோணத்த வரையணும்ங்கறத மட்டும் முன்கூட்டியே நினைப்புல வெச்சுக்கங்க, இல்லன்னா பாதில தாள ஒட்டிக்கிட்டு நிக்கணும்.

அப்புறம் ஏறி இறங்குறதுதான். எக்ஸ்ட்ராக்ட் புள்ளில இருந்து டை லைன் புடிச்சு ராஃபினேட் பக்கம் போ, அங்க இருந்து டெல்டாவுக்கு கோடு போட்டு அது எக்ஸ்ட்ராக்ட் பக்கத்துல எங்க வெட்டுதோ அது அடுத்த எக்ஸ்ட்ராக்ட், மறுபடி டை லைன். போட்டுப் பாத்தா ராஃபினேட்ல ஆசிட் 25.9, 19.1, 13.5, 9.2, 5.6னு இறங்கி ஆறாவது படில 2.6, டார்கெட்ட தாண்டியாச்சு. 6 ஸ்டேஜ், சரியா சொன்னா 5.9. கிரெம்சர்ல நடுவாந்தர விகிதம் போட்டப்ப வந்த 5 சொச்சம் கிட்ட வந்துச்சேன்னு யாராவது சந்தோஷப்பட்டா, அந்த நடுவாந்தர எண்ண எடுக்கணும்னு படம் பாக்காம எப்படித் தெரிஞ்சுச்சுன்னு ஒரு வார்த்த கேளுங்க.

இன்னொண்ணு, ராஃபினேட்டோட எடையப் பாருங்க: 1000 கிலோவா உள்ள வந்தது முதல் ஸ்டேஜ் தாண்டும்போது 869, அப்புறம் 754, 679, 633, 604, கடைசில 564. கிட்டத்தட்ட பாதியாயிருச்சு. ஓட்டம் மாறாதுன்னு வெச்சுக்குற எந்த ஃபார்முலாவும் இங்க திணறும்.

குறைஞ்சபட்ச சால்வன்ட் கணக்குல ஒரு பொறி இருக்கு, இதுல கொஞ்சம் நின்னு போகலாம். ஃபீட் வழியா போற டை லைன நீட்டி டெல்டாவ எடு, அதுதான் மினிமம்னு வழக்கமா சொல்லுவாங்க. இந்தக் கேஸ்ல அப்படிப் பண்ணா டெல்டா 1.75 கிட்ட விழுது, மணிக்கு 1320 கிலோ ஈதர் போதும்னு பதில் வருது. பதில் தப்பு. சால்வன்ட குறைக்கக் குறைக்க டெல்டா ஈதர் மூலையில இருந்து விலகி வலது பக்கம் ஓடும், ஓடுற வழில எந்த டை லைனோட நீட்சிய முதல்ல மோதுதோ அங்கயே ஸ்டேஜ் எண்ணிக்கை முடிவிலி ஆயிரும். எல்லா டை லைனையும் நீட்டிப் பாத்தா, ராஃபினேட்ல ஆசிட் 22ல இருந்து 26% வரைக்கும் இருக்குற நடுப்பகுதி டை லைனுங்கதான் மூலைக்கு ரொம்பப் பக்கத்துல, 1.6 கிட்ட வெட்டுது. அப்ப நிஜ மினிமம் சுமார் 1500 கிலோ. 1320க்கும் 1500க்கும் நடுவுல, 1400னு வெச்சு டிசைன் பண்ணினா எத்தன ஸ்டேஜ் கட்டினாலும் 3% வராது. பிஞ்ச் (ஸ்டேஜ் எண்ணிக்கை முடிவிலி ஆகுற அந்த இடம்) ஃபீட் முனையில இல்ல, நடுவயித்துல இருக்கு, விகிதம் ஆசிட்டோட சேந்து ஏறுற சிஸ்டத்துல இது சகஜம். நம்ம 2400 மினிமத்தப் போல 1.6 மடங்கு, அதனால 6 ஸ்டேஜுல முடிஞ்சுது.

இனி எனக்கு இந்தக் கேஸ்ல முக்கியமா படுற விஷயம். எக்ஸ்ட்ராக்ட்ல 333 கிலோ ஆசிட்டோட 112 கிலோ தண்ணியும் சேந்து போகுது. ஈதர முழுசா எடுத்துட்டா மிஞ்சுறது 75% ஆசிட். சால்வன்ட கூட்டிக் குறைச்சா இது மாறுமான்னு பாத்தேன், மினிமம் கிட்ட கொண்டுபோனாலும் 75 சொச்சம்தான். ஏன்னு படமே காட்டுது: ஈதர் மூலைல இருந்து குவிமாடத்தோட வலது பக்கத்துக்கு ஒரு தொடுகோடு போட்டு, அத ஆசிட் – தண்ணி பக்கம் வரைக்கும் நீட்டுங்க, சுமார் 76%ல போய் முட்டும். அதான் உச்சவரம்பு. டேட்டாவுலயே போட்டுப் பாருங்க, 21.6 ஆசிட்டும் 6.9 தண்ணியும் இருக்குற வரிசைல 75.8, அதுக்கு மேல உள்ள 36.2 வரிசைல 70.6ன்னு திரும்ப இறங்கிருது. ஆக இந்த ஈதர வெச்சு, ரிஃப்ளக்ஸ் இல்லாம, 20 டிகிரில, எவ்வளவு பெரிய காலம் (column, உயரமான கோபுரம்) கட்டினாலும் எக்ஸ்ட்ராக்‌ஷன் மட்டுமே 76ஐ தாண்டாது. ஸ்டேஜும் சால்வன்டும் எவ்வளவு ஆசிட் வருதுங்கறத மாத்தும், எவ்வளவு சுத்தமா வருதுங்கறத மாத்தாது. கரையவே கரையாதுன்னு வெச்சுக்குற குறுக்கு வழில இந்தத் தண்ணி சைபர், எக்ஸ்ட்ராக்ட் 100% ஆசிட். அடுத்து வர்ற டிஸ்டிலேஷன் காலத்த டிசைன் பண்றவரு அந்தச் சைபர நம்பி உக்காந்தா அவ்வளவுதான்.

ஆனா ஈதர் இங்க இன்னொரு உதவி பண்ணுது. தண்ணியும் ஐசோபுரோப்பைல் ஈதரும் சுமார் 62 டிகிரில அசியோட்ரோப்பா சேந்து கொதிக்குது, அதுல தண்ணி 4.5% மாதிரி. எக்ஸ்ட்ராக்ட்ல இருக்குற 2390 கிலோ ஈதர் ஆவியாகும்போது அந்த விகிதத்துல எவ்வளவு தண்ணிய மேல தூக்கிட்டுப் போகும்னு போட்டா 112 கிலோ கிட்ட வருது. நம்ம எக்ஸ்ட்ராக்ட்ல இருந்த தண்ணியும் அதேதான். காகிதத்துல கச்சிதமா பொருந்துது, நிஜத்துல இவ்வளவு விளிம்புல நின்னா தண்ணி கொஞ்சம் கீழ இறங்கத்தான் செய்யும், அதுக்காகக் கொஞ்சம் ஈதர மேலயே ரிஃப்ளக்ஸா திருப்பி விட்டா காலத்தோட அடில கெட்டியான ஆசிட் எடுக்க வழி இருக்கு. இந்தத் தண்ணி கணக்கு முக்கோணத்துல இருந்து வராம வேற எங்க இருந்தும் வராது.

தண்ணி லேயர் பக்கமும் ஒரு பார்வை. 564 கிலோல 1.6% ஈதர், மணிக்கு 9 கிலோ, ஒரு நாளைக்கு 216 கிலோ. விட்டுட முடியாது, ஸ்டிரிப்பர் (தண்ணில கரைஞ்ச ஈதர ஆவியாக்கி மீட்கற கருவி) ஒண்ணு கட்டாயம் வேணும். அதோட இந்த ஈதர் காத்து பட்டா பெராக்சைடு கட்டற விஷயத்துல ஈதர்கள்லயே மோசமானது, வெடிக்கும், ஃப்ளாஷ் பாயிண்ட்டும் (ஆவி தீப்பொறி பட்டா பத்திக்கற வெப்பநிலை) சைபர் டிகிரிக்கு ரொம்பக் கீழ. இன்ஹிபிட்டர் (பெராக்சைடு கட்டாம தடுக்கற பொருள்) போட்டு, நைட்ரஜன் போர்த்தி, பெராக்சைடு டெஸ்ட் பண்ணிட்டு டிஸ்டில் பண்றதெல்லாம் விருப்பம் இல்ல, கட்டாயம்.

டேட்டாவுல இருக்குற டை லைன் எப்பவும் நமக்கு வேணும்ங்கற இடத்துல இருக்காது, நடுவுல உள்ளத கண்ணாலயே மதிப்பு போட்டா ஒவ்வொரு படிலயும் பிழை சேரும். 1930ல ஹேண்ட் சொன்ன மாதிரி ரெண்டு லேயரோட ஆசிட்-சால்வன்ட், ஆசிட்-தண்ணி விகிதங்கள லாக் அச்சுல போட்டா பெரும்பாலும் நேர்கோடு வரும், அதுல படிச்சுக்கறது நல்லது. வெப்பநிலை மாறினா மொத்த படமும் மாறும், இந்த மாதிரி சிஸ்டங்கள்ல சூடு ஏறினா பொதுவா குவிமாடம் சுருங்கும், 20 டிகிரி படத்த வெச்சு 40 டிகிரி காலத்துக்கு ஸ்டேஜ் எண்ணாதீங்க. 6ங்கறது சமநிலை ஸ்டேஜ்தான், நிஜ காலத்துல உயரம் எவ்வளவுன்னு எஃபிஷியன்சியும் லேயர் பிரியற வேகமும்தான் தீர்மானிக்கும்.

கடைசியா, மேல போட்ட எல்லாமே சுத்தமான ஈதர், அதாவது முக்கோணத்தோட மூலைலயே சால்வன்ட் புள்ளின்னு வெச்சுத்தான். திரும்ப வர்ற ஈதர் அப்படி இருக்காது. டிகான்டர்ல (லேயர் பிரிக்கற தொட்டி) இருந்து வர்றதுல தண்ணி அரை சதவீதமாச்சும் இருக்கும், அது பரவாயில்ல, புள்ளி மூலைய விட்டுக் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். ஆனா ஆசிட் கூட வந்தா கதை வேற. டேட்டாவோட ரெண்டாவது வரிசையப் பாருங்க: ஈதர்ல 0.79% ஆசிட் இருந்தா அதோட சமநிலைல இருக்குற தண்ணில 2.89%. அதாவது ரீசைக்கிள் ஈதர்ல 0.8% ஆசிட் ஒட்டிக்கிட்டு வந்தாலே 3% டார்கெட்டுக்கு முடிவிலி ஸ்டேஜ் கேக்கும். 0.1%க்குள்ள புடிச்சு வெச்சா அந்த எல்லை 0.4% கிட்ட போயிரும், 6க்கு பதிலா 7 ஸ்டேஜ் கட்டினா தாராளமா சமாளிக்கலாம். டிஸ்டிலேஷன் காலத்தோட மேல்பக்க ஸ்பெக்குல நான் அந்த 0.1தான் எழுதுவேன்.